மனையாகப் பிறந்திருக்கலாம்

ஜவ்வாது மலையில் இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு ஒரு யோசனை. மலையாளிப் பழங்குடியாகப் பிறந்து தொலைக்காதீர்கள். தமிழ்நாட்டில் மரியாதையோடு வாழ ஆசை இருந்தால் அனுமதியில்லாத மனைப்பிரிவாகப் பிறந்துவிடுங்கள். முப்பதுக்கு நாற்பது போதும். நாலு மூலையில் கல், வாசலில் ஒரு வளைவு, அதில் 'ஹில் வியூ' என்று ஒரு பலகை. உங்கள் எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்பட ஓர் அரசாங்கமே காத்திருக்கும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலைப்பகுதிகளில் விதியை மீறிப் போட்ட மனைகளை வரன்முறைப்படுத்துவதற்கென்றே 2020-இல் தனி விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனையா? வா ராசா, இணையத்தில் விண்ணப்பம் போடு, கட்டணத்தைக் கட்டு. தேதிக்குள் வர முடியவில்லையா? அதனாலென்ன, தேதியைத் தள்ளிவைக்கிறோம். தள்ளிவைத்தார்கள்; பிறகு மறுபடியும் தள்ளிவைத்தார்கள். மலைகளைக் காப்பதற்கு மலையிடப் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று 1990-லிருந்து இருக்கிறது. காக்கத்தான் செய்கிறது. முதலீடும் மலையில்தானே கிடக்கிறது!

இனி சாமை விதைக்கிறவரைப் பார்ப்போம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டுநிலத்தை உழுதுவரும் பழங்குடிக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு. உழுதவனுக்குக் கெடு 2005. கல் நட்டவனுக்கு 2016. சரி, அந்த உரிமையாவது கைக்கு வந்ததா? 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. தன்னைக் கேட்காமல் உரிமைப் பத்திரம் கொடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். மற்ற மாநிலங்கள் பத்திரம் கொடுத்துக்கொண்டிருக்க, இங்கே அந்த முட்டுக்கட்டை உச்ச நீதிமன்றத்தில் விலகியது 2016-இல். எட்டு வருஷம். அப்போது ஆண்டது எந்தக் கட்சி என்று தேடிச் சிரமப்பட வேண்டாம், இரண்டும்தான். அதன்பிறகு பத்திரங்கள் வரத் தொடங்கின, மேடையும் சால்வையும் புகைப்படமுமாக. இதே மலையின் காவலூரில் 93 அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. வருவாய்த்துறைக்கும் வனத்துறைக்கும் அதை ஒரு நாள் இரவல் கொடுத்தால், புதூர்நாட்டில் உழுது கிடக்கும் வயல்கள் ஒருவேளை கண்ணில் படலாம்.

மலையை என்ன செய்வது என்ற விவாதம் மட்டும் சமவெளியில் குறைவில்லாமல் நடக்கிறது. ஒரு கட்சிக்கு ரிசார்ட் வேண்டும். எதிர்க்கட்சிக்கு மனிதக் கால் படாத காடு வேண்டும். இரு தரப்பும் சனிக்கிழமை ஜமுனாமரத்தூர் கோமுட்டேரிப் படகுத்துறையில் சந்தித்துக்கொள்ளும். டிக்கெட் கிழித்துக் கொடுப்பவரிடம் இரண்டு பேருமே கருத்துக் கேட்பதில்லை.

2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. உடற்கூறாய்வு முடிந்து திரும்பும்போது, பாதை முடிந்த இடத்தில் ஆம்புலன்ஸும் முடிந்துபோனது. பெற்ற தாய் பிள்ளையின் சவத்தைக் கையில் ஏந்தி மலையேறினாள். காட்டுக்குள் சாலை போடச் சட்டம் இடம் தரவில்லையா? தருகிறது. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படியுங்கள். சாலை, பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம் எடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரம் வரை வெட்டலாம், கிராம சபை பரிந்துரைத்தால். இது 2006-லேயே எழுதிவைத்தது. அதிகாரிகள் ஓடோடி வந்தது குழந்தை செத்த பிறகு. ஃபைல் நகர ஒரு சவம் வேண்டுமென்றால் அதையும் விதியில் வெளிப்படையாக அச்சிட்டுவிடலாமே. மனைக்குச் சதுர மீட்டர் கணக்கில் கட்டணம். சாலைக்கு ஊருக்கு எத்தனை பிள்ளை?

அதே 2023-இல் டெல்லியில் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி வனத்துறையின் திட்டத்தில் இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகள் இனி வனமல்லாத பயன்பாடு ஆகாது. சஃபாரியும் ஆகாது, அது அரசுடையதாக இருந்தால். ஆகவே தாய்மார்களே, பிரசவ வலி வந்தால் டோலி கட்டச் சொல்லாதீர்கள். சஃபாரி வண்டி வருமா என்று கேளுங்கள்.

அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படியான பழங்குடிப் பகுதி தமிழ்நாட்டில் ஒரு சென்ட் கூடக் கிடையாது. பழங்குடி நிலத்தைப் பிறர் வாங்குவதைத் தடுக்கத் தனிச் சட்டமும் கிடையாது. ஆந்திரத்தில் அட்டவணைப் பகுதிகளுக்கு அப்படியொரு தடை 1970-லிருந்து கடுமையாகவே இருக்கிறது. அந்த ஆந்திரத்துக்குத்தான் நம் மலைக்காரர்கள் மரம் வெட்டும் கூலிக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். பிழைக்க நிலம் இருந்தும் அதற்குக் காகிதம் இல்லாதவன் மலை இறங்கினால் எங்கே போய்ச் சேருவான் என்று அன்று பார்த்தோம். பார்த்துவிட்டு, அடுத்த கோடை விழாவுக்குப் பந்தல் போட்டோம்.

மலைக்காரர்களே, ஒன்று மட்டும் செய்யுங்கள். வன உரிமை மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து 60 நாளுக்குள் மனுச் செய்யலாம் என்கின்றன விதிகள். வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் பதவியையும் அடுத்த கிராம சபையின் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.