காலிக் கோட்டையும் கமராக் காவடியும்

என்ன மோனை, காலிக்கோ பயணம்? தோளிலை ஒரு பை, முதுகிலை ஒரு பை, கையிலை முக்காலி. ஊர் பாக்கப் போறியோ, காவடி எடுக்கப் போறியோ? சரி, தூக்கு. போக முதல் இந்தக் கிழவன் சொல்லுறதையும் கேட்டிட்டுப் போ. உத்தியோகத்திலை அந்த ஊர்ச் சோறு திண்டவன் நான்.

நீ உச்சி வெயிலுக்கைதான் மதிலிலை ஏறுவாய். எனக்குத் தெரியாதே? விடிய நித்திரை. பேந்து பாணும் முட்டையும். பேந்து கண்ணாடிக்கு முன்னாலை ஒரு மணித்தியாலம். படம் வெளிறிப் போனவுடனை, 'லென்ஸ் சரியில்லை அப்பு' எண்டுவாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். விடிய ஆறு மணிக்கு எழும்பிப் போய்ப் பார். அந்த வெள்ளை வெளிச்சவீட்டிலை வெயில் சாய்ஞ்சு விழும். ஒரு சதம் செலவில்லை. அதுக்கு ஆப் என்னத்துக்கு? அலாரம் காணும்.

பழைய வாசலுக்குப் போவாய். வெளிப்பக்கம் இங்கிலாந்து ராசாவின்ரை இலச்சினை இருக்கு. அதுக்குக் கீழை நிண்டு பல்லைக் காட்டிப்போட்டு, விறுவிறு எண்டு உள்ளை போயிடுவாய். ஏன்ரா, கழுத்து சுளுக்கே? உள்ளை போய் ஒருக்காத் திரும்பிப் பார். 1669ஆம் ஆண்டு ஒல்லாந்துக் கொம்பனி செதுக்கின கல். ரெண்டு பக்கமும் சிங்கம், உச்சியிலை சேவல். இவ்வளவு காலமாக் கூவாமல் நிக்குது, நீ பாக்கிறாய் இல்லை எண்டு.

வெளிச்சவீட்டுக்குக் கிட்ட வெள்ளையா ஒரு கட்டடம் நிக்கும். 'பழைய தேவாலயம்' எண்டு எழுதிப் போடுவாய். அது பள்ளிவாசல், ராசா. உள்ளுக்கை பாங்கு சொல்லுறது கேக்காதோ? கேக்காது. காதிலைதான் பாட்டு ஓடுதே.

இனி மதில் சங்கதி. போர்த்துக்கேயன் தொடங்கினான். 1640இலை ஒல்லாந்தன் பறிச்சு, சுத்திவரக் கல்லாலை கட்டினான். தரைப் பக்கத்தாலை எதிரி வருவான் எண்டு சூரியன், சந்திரன், நட்சத்திரம் எண்டு மூண்டு கொத்தளம் வைச்சான். வெடி வைக்கக் கட்டின மதில். நீ கால் தொங்கப்போட்டுக் கலியாணப் படம் எடுக்கவோ கட்டினவன்? கமராக்காரன் 'இன்னும் கொஞ்சம் பின்னுக்கு' எண்டுவான். நீயும் போவாய். கன இடத்திலை பிடிக்கக் கம்பியும் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே எண்டது ஆத்துக்கு மட்டுமே சொன்னது?

ஆனாலும் அந்த மதிலுக்கு ஒரு கும்பிடு போடு. 2004 மார்கழி 26 காலமை கடல் எழும்பி வந்துது. வெளியிலை பஸ் நிலையமும் கிரிக்கெற் மைதானமும் தண்ணிக்கை போச்சு. மதிலுக்கு உள்ளை இருந்த சனத்திலை கனபேர் தப்பினது அந்தக் கல்லாலைதான். இப்ப சொல்லு, அது உனக்குப் பின்னுக்கு நிக்கிற சீலையே?

பக்கத்திலை கொக்கலையிலை கம்பிலை குந்தி மீன் பிடிக்கிறதையும் எடுப்பாய். 'அசல் கிராமிய வாழ்க்கை' எண்டு எழுதுவாய். எடு, நல்லா எடு. ஆனால் அங்கை கனபேர் இப்ப பிடிக்கிறது மீனை இல்லை, உன்னைத்தான். தூண்டில் கடலுக்கை, கண் உன்ரை பொக்கற்றிலை. காசை முதலே பேசு. பேந்து மூக்காலை அழாதை.

கடைசியா ஒண்டு. சீனத் தளபதி செங் ஹே காலத்திலை ஒரு கல்வெட்டுக் கொண்டு வந்தவை. 1409ஆம் ஆண்டுக் கல். சீனம், பாரசீகம், எங்கடை தமிழ், மூண்டும் அதிலை இருக்கு. தேவேந்திரமுனைத் தெய்வத்துக்குக் குடுத்த காணிக்கையைத் தமிழிலை வெட்டி வைச்சிருக்கு. பேந்து அது காலியிலை மதகு மூடியாக் கிடந்துது. 1911இலைதான் கண்டெடுத்தவை. அது மட்டும் அதுக்கு மேலாலை எத்தினை துரைமார், எத்தினை கமராக்காரர் போயிருப்பினம்? ஒருத்தனும் குனிஞ்சு பாக்கேல்லை.

இப்ப கொழும்பு நூதனசாலையிலை இருக்கு. வாற வழியிலை போய்ப் பார். ஆனால் நீ படம் எடுக்க மாட்டாய் மோனை. பின்னுக்குக் கடல் தெரியாதே.