ரெண்டு கிரவுண்டு கிடைக்காது, மாமா

ஹெட்குவார்ட்டர்ஸ்,
கார் நிக்கோபார்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அத்தை, உறையூர் வீட்டின் மூன்று போர்ஷன்கள், அவற்றில் குடியிருக்கும் பாவப்பட்ட ஜீவன்கள் எல்லோரும் நலமா?

போன கடிதத்தில் இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். ஒன்று, "அந்த ஊர்ல வாடகையெல்லாம் எப்படி?" இரண்டு, "கடலோரமா ரெண்டு கிரவுண்டு சல்லிசா வந்தா பார்த்து வை." வாட்ஸாப்பிலேயே பதில் சொல்லியிருக்கலாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் இழுத்து இந்தத் தீவு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் நீங்கள் முதல் வரியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படியுங்கள்; சேதி உங்கள் தொழில் சம்பந்தப்பட்டது.

மாமா, இந்த ஊரில் உங்கள் தொழிலே கிடையாது. ஊருக்குள் எங்கே சுற்றினாலும் 'வீடு வாடகைக்கு' என்று ஒரு அட்டை தொங்காது. புரோக்கர் இல்லை. ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு மறுநாள் போனை எடுக்காமல் போகும் ஆள் ஒருவர்கூட இல்லை. சுமார் 127 சதுர கிலோமீட்டர் தீவு. 2011 கணக்கெடுப்பில் 17,000 பேருக்குச் சற்று மேல். இத்தனை பேரில் ஹவுஸ் ஓனர் என்ற ஜாதி மட்டும் இல்லை.

காரணம் 1956-ல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை. நிக்கோபார் தீவுகள் அதன்படி ஒதுக்கப்பட்ட பகுதி. பழங்குடி அல்லாத யாரும் அரசு அனுமதி இல்லாமல் இங்கே நிலத்தில் எந்த உரிமையும் பெற முடியாது. விலைக்கு வாங்குவது மட்டுமல்ல, அந்த நிலத்தில் விளைவதில்கூட உரிமை கொண்டாட முடியாது. லைசென்ஸ் இல்லாமல் கடை போட முடியாது. ஆக, உங்கள் ரெண்டு கிரவுண்டு போகட்டும், அதில் நிற்கும் தென்னையின் குரும்பையைக்கூட நாம் குத்தகைக்கு எடுக்க வழியில்லை.

"நம்ம நாடுதானே, நம்மை யார் கேட்பா?" என்று நீங்கள் திண்ணையில் அடித்துப் பேசுவது இங்கே கேட்கிறது. கேட்கிறார்கள் மாமா. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் போர்ட் பிளேர் வரைக்கும் ராஜாவாக வரலாம். அந்த ஊரை இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். கப்பலில் வருகிற நம்மாட்களுக்கு மட்டும் அது இன்னும் போர்ட் பிளேர்தான். அங்கிருந்து கார் நிக்கோபாருக்கு இன்னொரு கப்பல். அதில் ஏறுவதற்கு டிரைபல் பாஸ் வேண்டும். என்ன வேலை, யார் அனுப்புகிறார்கள், எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய்? கடைசிக் கேள்விதான் முக்கியம். எப்போது வருவாய் என்று கேட்கிற ஊர்களையே பார்த்துப் பழகியவன் நான். எப்போது போவாய் என்று முதலிலேயே கேட்டுவிடுகிற ஊர் இது. அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நின்ற பெரியப்பா மகனை அன்று கேலி செய்தோம். நான் பாஸ்போர்ட்டே எடுக்காமல் அதே வரிசையில் நின்றேன்.

டோக்கியோவில் இருக்கும் சின்ன அத்தை மகனிடம் இதைச் சொல்லி ஆறுதல் தேடினேன். அவன் தன் பாட்டைப் பாடினான். அங்கே வீடு பிடிக்க ஜாமீன்தாரர் வேண்டுமாம், அதுவும் ஜப்பானில் சம்பாதிக்கிற ஆளாக இருந்தால் நல்லதாம். வெளிநாட்டுக்காரனுக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றனவாம்; வாடகையில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவனுக்கு மாமன் மச்சானாக நிற்கின்றன. அது போக 'ரெய்கின்' என்று ஒன்று. வீடு கொடுத்ததற்காக ஓனருக்கு வைக்கும் நன்றிப் பணம், திரும்பி வராது. இதைப் படித்ததும் உங்கள் கண்ணில் ஒரு ஒளி வந்திருக்குமே, அதை அணைத்துவிடுங்கள். அத்தையிடம் சொல்லிவிடுவேன்.

எனக்கு ஜாமீன் என் ஆபீஸ். டிரான்ஸ்ஃபர் ஆர்டர்தான் என் குலம் கோத்திரம். கூடவே டைப் டூ குவார்ட்டர்ஸ் ஒன்றும் கிடைத்தது. வாடகை என்று இதற்குப் பெயரில்லை, லைசென்ஸ் ஃபீ. சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள், வீட்டு வாடகைப்படி தானாகப் போய்விடுகிறது. சாவி கொடுக்கும்போது ஒரு லிஸ்ட்டில் கையெழுத்து வாங்கினார்கள். ஃபேன் இரண்டு, ரெகுலேட்டர் ஒன்று, தாழ்ப்பாள் ஐந்து, கொக்கி நாலு. நான்கையும் எண்ணிப் பார்த்தேன். உப்புக்காற்றில் ஒரு கொக்கி பாதி கரைந்து, மீதி சுவரோடு துருவாக ஒட்டிக்கொண்டிருந்தது. "இது மூணரைதானே சார்?" என்றேன். சாவி கொடுத்தவர் கொஞ்சமும் அசராமல், "போகும்போது மூணரையைத் திருப்பிக் கொடுங்க" என்றார். காலி செய்யும் போர்ஷனில் ஆணி ஓட்டைகளை எண்ணி அட்வான்ஸில் கழிக்கும் நீங்கள் அவரை அவசியம் சந்திக்க வேண்டும்.

உடன் இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் வங்காளி, இன்னொருவர் ராஞ்சிக் குடும்பத்தில் அந்தமானிலேயே பிறந்தவர். மூவருக்கும் பொது மொழி இந்தி. என் இந்தியைக் கேட்டு முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்கள் இந்தியும் அப்படியே ஆகிவிட்டது. காய்கறி கப்பலில் வருகிறது. கப்பல் வந்த அன்று வெண்டைக்காய்க்கு வரும் கூட்டம் நம் ஊரில் சொர்க்கவாசலுக்குத்தான் வரும்.

சரி, இந்த நிலமெல்லாம் யாருடையது என்று கேட்பீர்கள். தனி ஆளுக்குப் பட்டா இல்லை. 'துஹேத்' என்று கூட்டுக் குடும்பம். தென்னந்தோப்பு, வீடு, பன்றி எல்லாம் அதன் பொறுப்பில். கிராமத்துக்கு முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன். அதற்கு மேலே டிரைபல் கவுன்சில். கேப்டன் என்றதும் உங்களுக்கு விஜயகாந்த் நினைவு வரும். இங்கேயும் கேப்டன் சொன்னால் மறுபேச்சு இல்லை, பஞ்ச் டயலாக் மட்டும் கிடையாது. நீங்களும் பெரிய மாமாவும் கிணற்றடிப் பங்குக்காக முன்சீஃப் கோர்ட் படியேறிய வரலாற்றை ஆபீஸில் சொன்னேன். எங்களோடு வேலை பார்க்கும் நிக்கோபாரி அம்மா ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் தீதி. கதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "கிணத்துல தண்ணி இருக்கா?" அது வற்றிப்போய் வருஷக்கணக்காகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடலோரம் என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 வரைக்கும் கிராமங்கள், அரசு அலுவலகங்கள், விமானப்படைத் தளம் எல்லாம் கடலை ஒட்டித்தான் இருந்தன. அன்று காலை கடல் வந்து எடுத்துக்கொண்டது. தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேல் போய்விட்டார்கள். கிராமங்களில் போனவர்கள் அதைவிடப் பல மடங்கு. பிறகு எல்லாரும் உள்ளே தள்ளி வீடு கட்டிக்கொண்டார்கள். ஈசிஆரில் 'சீ வியூ' என்று சொல்லி சதுர அடிக்கு விலை ஏற்றுகிறார்களே, அந்தப் பேச்சை இங்கே எடுத்தால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். அதனால் நான் எடுப்பதில்லை.

பழைய நிக்கோபாரி வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருண்டைக் கூரை, புல் வேய்ந்தது, ஆள் உயரத் தூண்களின்மேல் நிற்கும். வாசல் வீட்டின் தரைப்பலகையிலேயே இருக்கும், கீழிருந்து ஏணி வழியாக நுழைய வேண்டும். எலி ஏறாமலிருக்கத் தூணில் வட்டப் பலகை மாட்டியிருப்பார்கள். வாடகை பாக்கிக்காரன் வீட்டுக்குப் போய் நீங்கள் கதவைத் தட்டுவீர்களே, இங்கே அந்த வித்தை பலிக்காது. ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் தீர்ந்தது. சுனாமிக்குப் பிறகு அரசு கட்டிக்கொடுத்த வீடுகளுக்குத் தகரக் கூரைதான். மழை பெய்தால் உள்ளே பேசுவது பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. மழையோ இரண்டு பருவத்திலும் பெய்கிறது.

நமக்கு முன்னால் இங்கே குடிவர ஆசைப்பட்டவர்கள் லேசுப்பட்டவர்களா? ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற ஊர்களின் பட்டியலில் தஞ்சாவூர்க் கல்வெட்டு மாநக்கவாரத்தையும் சேர்த்திருக்கிறது. உறையூர்க்காரர் என்பதால் நீங்களும் சோழருக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்வீர்கள். ஆனால் அந்த வழியில் இங்கே வாரிசுரிமை கேட்க இடமில்லை. 1756-ல் டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடியிலிருந்து வந்து இந்தத் தீவுக்கூட்டத்தைத் தங்களுடையது என்றார்கள். காய்ச்சல் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் காலி செய்தது. திரும்பத் திரும்ப முயன்று, சலித்துப்போய், கடைசியில் உரிமையை வெள்ளைக்காரனிடம் விற்றார்கள். 1869-ல் அவன் வந்தான். 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், மூன்று வருஷத்தில் அவனும் போனான். அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தவர் ஒருவரும் இல்லை.

நம் ஜனம் வந்த கதையும் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்களை, இதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கச்சாலில் ரப்பர் தோட்டம் போட அரசாங்கமே கூட்டிவந்து குடியேற்றியது. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு. இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு ஜாமீன் நின்ற குடித்தனக்காரர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் கேட்டு வந்த இடமும் இல்லை, வந்த இடம் அவர்களுடையதும் இல்லை.

உள்ளதைச் சொன்னால், வந்த புதிதில் இந்தச் சட்டத்தின்மேல் எனக்குக் கடுப்புதான். இப்போது இல்லை. கற்பனை செய்து பாருங்கள், சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். முதல் கப்பலில் நீங்கள் வருவீர்கள். இரண்டாவது கப்பலில் பெரிய மாமா வந்து உங்கள் இடத்தில் வேலித் தகராறு செய்வார். மூன்றாவது கப்பலில் செங்கல்லும் சிமெண்டும். ஐந்து வருஷத்தில் கடற்கரை முழுக்கப் போர்ஷன். அதில் குடியிருக்கும் நிக்கோபாரியிடம் நாம் "ஜாமீன் யாரு?" என்று கேட்டுக்கொண்டிருப்போம். எனக்கு வீடு இல்லை என்று சொல்லும் சட்டம்தான் அவர்களுக்கு ஊர் இருக்கிறது என்கிறது. மூணரைக் கொக்கியோடு இருந்துவிட்டுப் போகிறேன்.

இனி நான் உங்களிடம் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். தீதியின் மகனுக்குத் திருச்சியில் காலேஜ் சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் இடமில்லை. உங்கள் மாடி போர்ஷன் ஆடி முடிந்தால் காலியாகிறது என்று அத்தை எழுதியிருந்தார். நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளை வரிசையாக எனக்கே தெரியும் என்பதால் பதிலையும் எழுதிவிடுகிறேன். சொந்த ஊர்: இந்தியாதான், ஆதார் அட்டை இருக்கிறது. மொழி: நிக்கோபாரி, இந்தி, ஆங்கிலம், தமிழில் "சாப்டீங்களா" வரை நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன். என்ன ஆட்கள்: கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவான். கெட்ட பழக்கம்: ஃபுட்பால். உங்கள் ரோஜாத் தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். அட்வான்ஸ்: பத்து மாதம் என்று ஆரம்பிக்காதீர்கள், 2017-ல் வந்த நம் மாநில வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது.

ஜாமீன் யார் என்பது கடைசிக் கேள்வி. வந்த புதிதில் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். அறிமுகமில்லாத முகத்தைப் பார்த்து கேப்டன் நிறுத்தி விசாரித்தார். தீதி எட்டிப் பார்த்து, "நம்ம வீட்டு ஆள்" என்று சொல்லிவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஸ்டாம்ப் பேப்பர் இல்லை, கையெழுத்து இல்லை. கேப்டன் எனக்கு இலை போடச் சொன்னார். அதே மூன்று வார்த்தையை நீங்கள் அந்தப் பையனுக்காகத் தெருவில் சொல்ல வேண்டும். காகிதம் வேண்டுமென்றால் ஜாமீன் நான்தான், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் சொல்லுங்கள்.

பதிலைச் சீக்கிரம் போடுங்கள். பையன் அடுத்த கப்பலில் கிளம்பினாலும் ஆச்சரியமில்லை. அத்தையிடம் வத்தக்குழம்புப் பொடி கேட்டேன் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: வாசல் கேட்டில் 'சைவம் மட்டும்' என்று ஒரு போர்டு தொங்குகிறதே, அதைப் பையன் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். பன்றியைத் தேங்காய் கொடுத்து வளர்த்து, அதற்கென்று திருவிழாவே எடுக்கிற குடும்பத்துப் பிள்ளை அவன். நீங்கள் ஒவ்வொரு புதன்கிழமையும் தில்லைநகர் மிலிட்டரி ஹோட்டலில் மூளை வறுவல் சாப்பிடுவதை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை. போர்டைக் கழற்றினால் இனியும் சொல்ல மாட்டேன்.