அனுமதிக்கவா, வேண்டாமா?

2006 நவம்பர் 30 அன்று விண்டோஸ் விஸ்டாவை மைக்ரோசாஃப்ட் முதலில் நிறுவனங்களுக்குத்தான் கொடுத்தது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். பாதுகாப்புக் கவலை கம்பெனிகளுக்குத்தானே அதிகம்.

கவலைக்கு மருந்தும் இருந்தது: பிட்லாக்கர். லேப்டாப் திருடு போனாலும் ஹார்ட் டிஸ்கில் இருப்பதைத் திருடன் படிக்க முடியாது. ஆனால், ‘விஸ்டா பிசினஸ்’ என்று பெயர் சூட்டிய பதிப்பில் அது கிடையாது. எண்டர்பிரைஸோ அல்டிமேட்டோ வாங்க வேண்டியிருந்தது. வெறும் பிசினஸ் செய்கிறவரிடம் திருட என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டார்கள் போலும்.

அடுத்தது யூஏசி (யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்). ஒரு புரோகிராம் சிஸ்டத்தில் கைவைக்க வந்தால் திரை இருண்டு, அனுமதிக்கவா வேண்டாமா என்று ஒரு பெட்டி எழும். கடிகாரத்தில் மணியைத் திருத்தினாலும் எழும். ஜனங்கள் சீக்கிரமே படிக்காமல் அனுமதிக்கப் பழகிவிட்டார்கள். கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிறவரைப் போல, வருகிற எல்லோருக்கும் ஒரே உபசாரம். 2008இல் சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே, எரிச்சலூட்டத்தான் அதை வைத்தோம் என்றார். எரிச்சலடைந்தவர்கள் மென்பொருள் தயாரிப்பாளர்களைத் திட்டுவார்கள், அவர்கள் திருந்துவார்கள் என்பது ஏற்பாடு. (திருந்தவும் செய்தார்கள். சொல்லாமல் விட்டால் பாவம்.)

நிறுவும் வேலையும் சுலபமாயிற்று. விம் என்ற ஒரே இமேஜ் கோப்பை வைத்து வெவ்வேறு மாடல் கம்ப்யூட்டர்களில் விஸ்டாவை ஏற்றலாம். பிசினஸ் உரிமத்தில் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு இறங்கிக்கொள்ளும் சலுகையும் இருந்தது. விஸ்டா ஸ்டிக்கர் பளபளக்கும் புது மெஷினில் பல கம்பெனிகளின் ஐடி ஆட்கள் முதல் வேலையாக எக்ஸ்பியை ஏற்றினார்கள்.