பேரனும் போர்டும்

ஆறு மாதப் பேரனுக்குக் கண் பரிசோதனையாம்! 'அ'னாவே தெரியாதவன் போர்டில் எதைப் படிப்பான்?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

படிக்கப்போவது டாக்டர், அவன் கண்ணை! மங்கிய வெளிச்சத்தில் ஒளி பாய்ச்சினால் கண்மணி செம்மஞ்சளாக மின்ன வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் கண்புரையோ விழித்திரைப் புற்றோ இருக்கலாம்.

அப்புறம், 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று பாட்டி தடுத்தால் நம்பாதீர்கள். அதிருஷ்டம் என்ற வடசொல்லுக்கு நேர்ப்பொருளே 'காணப்படாதது'! விட்டுவைத்தால் அந்தக் கண் அனுப்புவதை மூளை ஒதுக்கப் பழகிவிடும்.

குறைமாதக் குழந்தையா? 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் ஆறு மாதமெல்லாம் தாமதம். 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும். இன்றே கிளம்புங்கள், தாத்தா.