பட்டனைத் தட்டிக் குணமாக்குன மாப்ள

வாய்யா மாப்ள, ஒக்காரு. ஆரம்ப சுகாதார நிலையத்துல கம்ப்யூட்டர் உத்தியோகம்னு உங்க அத்தை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறா. பட்டனைத் தட்டுனா சுகர்காரன் தனியா, பிரஷர்காரன் தனியா லிஸ்டுல வந்து நிப்பானாமே. அப்பேர்ப்பட்ட லிஸ்டுல உன் மாமன் பேரைக் காணோமாம்யா. மாத்திரை கொண்டாந்த அம்மா, "ஐயா, உங்களுக்குப் பிரஷரே இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லிருச்சு"ன்னு சிரிச்சுட்டுப் போச்சு. அந்தச் சந்தோசத்துல அன்னிக்கு ரெண்டு துண்டு உப்புக்கண்டம் கூடவே தின்னேன்.

இந்தா சீட்டு. மேல 162, கீழ 78. வயசாக ஆக ரத்தக்குழாய் வெறைச்சு மேல் அளவு ஏறும், கீழ் அளவு பேசாமக் கெடக்கும்னு டாக்டரம்மா சொல்லுச்சு. எல்லை 140க்கு 90. ரெண்டுல எது எட்டுனாலும் பிரஷர்தான். நீ என்ன போட்ட? மேல 140 ‘மற்றும்’ கீழ 90. ரெண்டும் சேர்ந்து ஏறுனாத்தான் உனக்கு நோயாளி. என்னை மாதிரிக் கெழடுகளை ஒரே ஒரு ‘மற்றும்’ல குணமாக்கிட்டியே வைத்தியநாதா!

அதோட விட்டியா? பிரஷர் கட்டுக்குள்ள இருக்கிறவுக லிஸ்டுக்கு ‘அல்லது’ போட்டிருக்க. மேல 140க்குக் கீழ, அல்லது கீழ 90க்குக் கீழ. என் 78ஐப் பாத்ததும் "பேஷ்"னு உள்ள இழுத்துக்கிருச்சு. ஒண்ணை ‘இல்லை’ன்னு திருப்பும்போது ‘அல்லது’ ‘மற்றும்’ ஆகணும்யா. அந்த விதியே டி மார்கன் பேருலதான் இருக்கு. 1806ல நம்ம மதுரையில பொறந்த வெள்ளைக்காரப் பிள்ளை அவரு, கைக்குழந்தையிலயே சீமைக்குக் கொண்டுபோயிட்டாக. கொஞ்ச நாள் வைகைத் தண்ணி குடிச்சவருக்கே அம்புட்டு வெளங்கியிருக்கு. நீ பொறந்ததுல இருந்து குடிக்கிற.

அடைப்புக்குறியில உனக்கு ஏன் இம்புட்டுச் சிக்கனம்? அதுக்கென்ன காசா கேக்குறாக? ‘சுகர் அல்லது பிரஷர் மற்றும் 60 வயசு’ன்னு வெறுமனே எழுதுனா, பெரும்பாலும் மென்பொருள் ‘மற்றும்’ இருக்கிற பக்கத்தைத்தான் மொதல்ல சேத்துக்கிடும். சுகர்காரன் 30 வயசுன்னாலும் உள்ள வந்துருவான், பிரஷர்காரன்கிட்ட மட்டும் வயசு கேக்கும். விசேஷ வீட்டுல ‘பங்காளி அல்லது சம்பந்தி மற்றும் மொய் செஞ்சவுக’ன்னு பத்திரிகை வைக்கச் சொன்ன கதைதான். பங்காளி பூராவும் பந்தியில இருப்பான், சம்பந்தியை மட்டும் வாசல்ல நிறுத்தி மொய் நோட்டைப் புரட்டுவாக.

வயசுன்னதும் இன்னொண்ணு. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத எங்க தலைமுறையில நெறையப் பேருக்கு ஆதார்ல பொறந்த தேதி ஜனவரி 1. வருசமே குத்துமதிப்பு. அதனால புது வருசத்தன்னிக்கு உன் லிஸ்டு திடீர்னு ஊதிப் பெருகுனா, ஊர்ல நோய் பரவிருச்சுன்னு மேலதிகாரிக்கு எழுதிராத.

காலிக் கட்டத்தை என்ன பண்ற? ஆறு மாசமா கையில பட்டை கட்டாத மில்லுக்காரப் பய இருக்கானே, அவன் அளவே உன்கிட்ட இல்லை. 140க்கு மேலன்னாலும் வரமாட்டான், கீழன்னாலும் வரமாட்டான். தேடவேண்டியது அவனைத்தான், ஆனா ரெண்டு லிஸ்டுலயும் இல்லாமச் சொகமாத் திரியிறான். 2017ல தொடங்குன இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்துல வராதவுகளைத் தனியா எண்ணுறாக. நீயும் ‘அளவு காலியா இருக்கிறவுக’ன்னு ஒரு விதி எழுதேன், விரலா தேஞ்சுரும்?

உன் சாமர்த்தியத்துக்கு மகுடம் அந்த ‘இறந்தவர்’ கட்டம். அதுல ‘இல்லை’ன்னு இருக்கிறவுகளை மட்டும் எடுன்னு சொன்னியாம். அந்தக் கட்டத்தை எவன் நிரப்புறான்? லிஸ்டு தொடச்சுவிட்ட மாதிரி காலி. உசிரோட இருக்கோம்னு எழுதிக் குடுக்காததால ஊரே செத்துப்போச்சு! நீ பதறி விதியையே தூக்கிட்ட. இப்ப, கருமாதி முடிஞ்சு பொங்கலும் போயிருச்சு, மேலத்தெரு பெரியாத்தாளுக்கு மாசாமாசம் ‘மாத்திரை வாங்க வரவும்’னு மெசேஜ் வருது. போனை வச்சிருக்கிற மருமக, "அத்தை இருந்தப்ப ஒரு நாதியும் கூப்பிடலை"ன்னு மூக்கைச் சிந்துது.

எந்திரி, அவுக வீட்டுக்கு ஒரு எட்டு போயி அந்தக் கட்டத்துக்குப் பதிலைக் கேட்டுட்டு வா. பிரஷர் மெஷினையும் எடுத்துக்க. அந்த மருமகளுக்கும் 30 ஆயிருச்சு, சர்க்கார் கணக்குப்படி பாத்தாகணும்.