ஆயிரத்தில் ஒருவர்

அமெரிக்கப் புறநகர்களில் சனிக்கிழமை காலையில் கார் வெளியே வெயிலில் காய்ந்துகொண்டு, கராஜ் கதவு திறந்து கிடந்தால், உள்ளே டேபிள் சா எனும் மேசை ரம்பம் ஒன்று குடியிருக்கிறது என்று அர்த்தம். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதன்மேல் குனிந்திருப்பவர்தான் கராஜ் தச்சர். வார நாளில் கணக்காளராகவோ பல் மருத்துவராகவோ இருப்பார். பலகை அறுப்பார் என்று நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ஃபென்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஃபென்ஸ் என்பது பலகை கோணாமல் போக அணைகொடுக்கும் நீண்ட சட்டம். அது ரம்பத்துக்கு இணையாக இருந்தே ஆக வேண்டும்; இதில் கிண்டலுக்கு இடமில்லை. பின்முனை ரம்பத்தின் பக்கம் ஒடுங்கினால் பலகை நடுவில் சிக்கிக்கொள்ளும். மேலெழும் பின்பற்கள் அதைக் கவ்வி, அறுப்பவரின் வயிற்றைப் பார்த்து எறியும். 10 அங்குல ரம்பத்தின் பல் ஓடும் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர்.

சரிசெய்வது கம்பசூத்திரம் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் அடையாளம் வைத்து, அதை முன்னே ஒருதரம், பின்னே ஒருதரம் நிறுத்தி, மேசையிலுள்ள மைட்டர் காடியிலிருந்து அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் ரம்பம் நேர். பிறகு அதே காடிக்கு இணையாக ஃபென்ஸ். அவ்வளவுதான்.

நம் தச்சர் அதோடு விடுவாரா? அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் டயல் இண்டிகேட்டர் வாங்கி வைத்திருக்கிறார். முள் ஒரு கோடு நகர்ந்தால் போல்ட்டைத் தளர்த்துவார். இறுக்கும்போது அது எதிர்ப்பக்கம் அரைக்கோடு ஓடும். மறுபடி தளர்த்துவார். ஃபென்ஸின் பின்முனையைத் துளி விலக்கி வைப்பதா, அப்பழுக்கின்றி இணையாக வைப்பதா என்பதில் இவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. வடகலை தென்கலை வழக்கெல்லாம் அதற்கு முன் நிற்காது.

அறுக்கப்போவது மரம் என்பதை மட்டும் மறந்துவிடுவார். ஓர் அடி அகல ஓக் பலகை, குளிர்காலத்தில் உலர்ந்து கோடையில் ஈரம் இழுத்து, 3 மில்லிமீட்டர் வரை சுருங்கி விரியும். அவர் துரத்தும் பிழையைப்போல நூறு மடங்குக்கும் மேல்!

1989 முதல் 2009 வரை ‘நியூ யாங்கி வொர்க்‌ஷாப்’ தொலைக்காட்சித் தொடரில் நார்ம் ஏப்ரம் அரை மணி நேரத்துக்குள் ஓர் அலமாரியையே செய்து காட்டிவிடுவார். அதைப் பார்த்துத்தான் நம் தச்சருக்கு ஆசை வந்தது. அலமாரிதான் வரவில்லை. வேலைமேசை செய்தார், பலகையைத் தள்ளும் கட்டை செய்தார், கிளாம்ப் மாட்டச் சட்டம் செய்தார்: பட்டறை பட்டறைக்கே உழைக்கிறது. வெளியே போனவை காய்கறி நறுக்கும் பலகைகள் மட்டும். தெருவில் அது கிடைக்காத வீடில்லை.

அவரைப் பார்க்கப் போகிறவர்கள் காபிக் கோப்பையை ரம்பத்தின் மேசைமேல் வைக்க வேண்டாம். வார்ப்பிரும்பு, வட்டமாகத் துரு பிடிக்கும். துடைத்துத் தேய்த்த கையோடு ஃபென்ஸையும் முதலிலிருந்து அளக்க ஆரம்பித்துவிடுவார். நீங்கள்தான் டார்ச் பிடிக்க வேண்டியிருக்கும்.