வாங்காத போர்டின் வல்லுநர்

ராஸ்பெரி பை நான்குக்கும் ஐந்துக்கும் என்ன வித்தியாசம், ஆரஞ்சு பையில் எந்த மாடலுக்கு எந்தச் சிப், பீகிள்போன் பிளாக் ஏன் அவ்வளவாக எடுபடவில்லை என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒருவர் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார். தேங்காய்ப்பட்டணத்திலும் இருக்கிறார். இன்ஜினியரிங் முடித்தவராக இருக்கலாம். வளைகுடாவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவராக இருக்கலாம். மார்த்தாண்டத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கலாம். அவரை அடையாளம் காண ஒரே வழி, அவரிடம் இந்தச் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு எதுவும் கிடையாது என்பதுதான். அதற்குப் பதிலாக ஓர் எக்செல் கோப்பு இருக்கிறது. வரிசைக்கு ஒரு போர்டு, பத்திக்கு ஒரு குணம்: கோர் எத்தனை, கிகாஹெர்ட்ஸ் எத்தனை, ராம் எவ்வளவு, விலை, கூரியர் செலவு. கட்டங்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம்கூடக் கொடுத்திருக்கிறார். மேல்தொட்டி நிறைந்ததும் வீட்டுக் கிணற்று மோட்டார் தானாக நிற்க வேண்டும், அதற்கு ஒரு போர்டு வேண்டும் என்று கொரோனா ஊரடங்கில் தொடங்கிய ஆராய்ச்சி அது. இன்றும் தொட்டி நிறைந்தால் அம்மாதான் முற்றத்தில் நின்று கூப்பிடுகிறார்: “மக்ளே, வெள்ளம் வழியுது, மோட்டர நிறுத்து!” தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரானுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்கு. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத மனிதரைப் பற்றி அதற்குமேல் எழுத இங்கே யாருக்கும் மிச்சமில்லை. நம் ஆளின் நாற்காலிக்குச் சக்கரம் உண்டு என்பது மட்டுமே புதுச் செய்தி.

இவரைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம். ஒரு போர்டை வாங்கி மாட்டுகிறவர் படும் பாட்டைவிடப் பல மடங்கு பாடுபட்டுத்தான் இவர் வாங்காமல் இருக்கிறார். விவரம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் கோப்பை அச்சிட்டால் விற்கலாம். சிக்கல் இருக்கும் இடம் வேறு. போர்டோடு போர்டை ஒப்பிட்டு யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒன்றில் ராம் கூடும், இன்னொன்றில் விலை குறையும், மூன்றாவதில் வைஃபை நன்றாக இருக்கும். இவற்றில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது செய்யப்போகும் வேலை. துறைமுகத்தில் மீன் வாங்க நிற்கிறவர்களைப் பாருங்கள். புளிமுளத்துக்கா, பொரிக்கவா என்று வீட்டிலேயே முடிவாகிவிடுவதால் சாளைக்கும் அயிலைக்கும் நடுவே யாரும் வருஷக்கணக்கில் தவிப்பதில்லை. நம்மவரின் கோப்பில் நூற்றுக்கணக்கான கட்டங்கள் இருந்தும் ‘தொட்டி’ என்ற சொல் ஒரு கட்டத்திலும் கிடையாது. அது வராதவரை இன்னும் எத்தனை வரிசை சேர்த்தாலும் குழப்பம்தான் கூடும்.

தொட்டியைக் கோப்புக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அந்த வேலை கேட்பது மிகக் கொஞ்சம். தண்ணீர் மட்டத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மேலே வந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும், கீழே போனால் ஓட்ட வேண்டும். இரண்டு எண்ணில் எது பெரிது என்று தெரிந்தால் போதும். பழைய ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா 328 சிப் ஓடுவது 16 மெகாஹெர்ட்ஸில். அதன் ராம் 2 கிலோபைட். கோப்பில் அது சிவப்புக் கட்டம். ராஸ்பெரி பை 4இல் 8 கிகாபைட் வரை ராம் கிடைக்கும், பச்சைக் கட்டம். இரண்டையும் மொட்டைமாடிக்கு எடுத்துப் போனால் நிறங்கள் இடம் மாறுகின்றன. கரண்ட் வந்த மறுகணம் ஊனோ வேலையைத் தொடங்கிவிடும். பை முதலில் லினக்ஸைத் தட்டி எழுப்ப வேண்டும். ஊனோவில் அனலாக் உள்ளீடு ஆறு; சென்சார் தரும் வோல்டேஜை நேராக அளந்துகொள்ளும். ராஸ்பெரி பையிலோ, 2012 பிப்ரவரி 29 அன்று வந்த முதல் மாடலிலிருந்து ஐந்தாவது வரை அனலாக் உள்ளீடு ஒன்றுகூடக் கிடையாது. அதற்கென்று தனியே ஒரு சிப் வாங்கிச் சேர்க்க வேண்டும். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. தொட்டிக்கு எல்லோரும் வாங்கும் மலிவான அல்ட்ராசானிக் சென்சார் திருப்பித் தருவது 5 வோல்ட். நேராகக் கொடுத்தால் அந்தப் பின் போகும். ராசி இல்லாவிட்டால் போர்டும் கூடப் போகும். நடுவில் இரண்டு ரெசிஸ்டர் வைத்தால் தப்பிக்கலாம். சில்லறைக் காசு பெறாத அந்த ரெசிஸ்டருக்குக் கோப்பில் பத்தி ஒதுக்கவில்லை. பையை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழக மலிவாக ஒரு முழுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் கூட்டாளிகளும் உண்டாக்கிய பொருள் அது. தொட்டிக்குக் காவல் இருக்க யாரும் அதைப் படைக்கவில்லை.

இனி ஊரின் பங்கு. இடவப்பாதி மழை தொடங்கினால் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். மெமரி கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது பைக்குக் கரண்ட் போனால் கார்டில் உள்ள கோப்புகள் கெட்டுப்போகலாம். அடுத்த முறை அது எழுந்திருக்காது. உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கும். கொண்டை ஊசி போல மெல்லிதான ஜம்பர் வயர்களின் முனையில் முதலில் கை வைக்கும். தொட்டிக்குள் தொங்குவதற்கென்று வாட்டர்புரூஃப் சென்சார் விற்கிறார்கள், நல்லதுதான். ஆனால் தனக்கு ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிட்ட தண்ணீரை அதனால் சரியாக அளக்க முடியாது. தொட்டி நிறையும் நேரத்தில்தான் அது உளறும். எனவே மூடிக்கு மேலே தூக்கி மாட்ட வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரியது, போர்டு சொன்னபடி மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலே. நீல நிறச் சின்ன ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். அதை நம்பி ஒரு குதிரைத்திறன் மோட்டாரை நேராக மாட்டக் கூடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ரிலேயின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் போர்டு எவ்வளவு கத்தினாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரை இழுக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டாரை ஓட்ட வேண்டும்; 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும். ஆளைக் கொல்லக்கூடிய ஒரே பகுதி இதுதான். நாலு கோரா எட்டு கோரா என்று ராப்பகலாகப் படித்தவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

வேலையிலிருந்து தொடங்கினால் கருவி எவ்வளவு சின்னதாகிவிடும் என்பதற்கு இந்தக் கடற்கரையே சாட்சி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் கிடந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து வீடுகள் அதற்குக் கொடுத்த விலையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிறகு 2019இல் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் கடல் தகவல் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் ஜெமினி என்ற கருவியை வெளியிட்டன. செல்போன் டவர் எட்டாத இடத்தில் ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் செய்தியையும் மீன்பிடி விவரத்தையும் வாங்கி, புளூடூத்தில் மீனவரின் செல்போனுக்குத் தள்ளிவிடும் பெட்டி அது. திரைதான் மீனவரின் சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதற்கென்று வேறு திரை வைக்கவில்லை. அதன் குறை, கரைக்குப் பதில் அனுப்ப முடியாது என்பது. இருவழியும் பேச வேண்டும் என்று வேலை மாறியபோது இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்கள் படகுகளுக்கு வந்தன. எல்லாம் செய்யும் ஒரே பெட்டி வரட்டும் என்று முதலிலிருந்தே காத்திருந்தால் இரண்டுமே வந்திருக்காது.

நம்மவர் இதற்கெல்லாம் சளைக்க மாட்டார். அவருடைய முதல் மறுப்பு வலுவானது: “இன்னைக்கு தொட்டி. நாளைக்கு வாசல்ல கேமரா, அடுத்து வீடு மொத்தமும். அதுக்கும் சேர்த்து இப்பவே வாங்க வேண்டாமா?” கேமராப் படத்தில் ஆளையும் ஆட்டையும் பிரித்தறிய வேண்டும், சினிமாக் கோப்புகளை வீடு முழுக்கப் பகிர வேண்டும் என்றால் லினக்ஸ் ஓடும் போர்டு வேண்டும்தான், அங்கே ஊனோ உதவாது. ஆனால் அந்த வேலை வரும் நாளில் அதற்கான போர்டை வாங்குவதில் என்ன நஷ்டம்? ஒரே போர்டில் இரண்டையும் ஏற்றினால், கேமரா மென்பொருள் அப்டேட் ஆகித் தொங்கும் நாளில் தொட்டியும் வழியும். தவறானதை வாங்கினால் காசு போகுமே என்பது அடுத்த மறுப்பு. நடுத்தர வீட்டில் இது சின்னக் கவலை இல்லை. 35 டாலர் என்று அறிவித்த ராஸ்பெரி பை வரியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்து நம் கைக்கு வரும்போது கனமாகிவிடுகிறது. அதனால்தான் சின்னதிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவின் அறிவிப்பு விலை 4 டாலர். வைஃபையும் புளூடூத்தும் உள்ள ஈஎஸ்பி32 போர்டு நம் ஊரில் சில நூறு ரூபாய். கருகினாலும் வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடலாம். இவையும் 3.3 வோல்ட் ஆட்கள்தான், அந்த இரண்டு ரெசிஸ்டர் இவற்றுக்கும் வேண்டும். ஆனால் அனலாக் உள்ளீடு உண்டு, கரண்ட் போய் வந்தால் மெமரி கார்டு கெட்டதென்று படுத்துக்கொள்வதும் கிடையாது.

அடுத்த மாடல் வரட்டும் என்ற காத்திருப்புக்கு வரலாறே பதில் சொல்லிவிட்டது. 2021, 2022இல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்து, ராஸ்பெரி பை கிடைப்பதே அரிதானது. கிடைத்த இடத்தில் அறிவித்த விலையைத் தாண்டி விற்றார்கள். புதியது 2023இல்தான் வந்தது. வந்ததும் பழையது செத்துவிடவுமில்லை. பை 4ஐக் குறைந்தது 2034 ஜனவரி வரைக்கும் தயாரிப்போம் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது.

“சரி, ஒரு போர்டும் வேண்டாமே, பிளம்பர் வந்தால் மிதவை சுவிட்ச் மாட்டிவிட்டுப் போவாரே” என்று நம்மவரின் மைத்துனர் கேட்பார். தண்ணீர் வழிவதை நிறுத்துவது மட்டும் நோக்கம் என்றால் மைத்துனர் சொல்வதே சரி. போர்டு வைத்துச் செய்வது கற்றுக்கொள்ளும் ஆசைக்காக. அந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. ஒப்பிடுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் 3.3 வோல்ட் என்றால் என்ன என்பது ஒரு பின் கருகிய பிறகுதான் மனசில் உட்காரும். கோப்பில் அது எத்தனை வருஷம் இருந்தாலும் வெறும் எண்தான். நம் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கும் விமானத்துக்கும் போகும் திருவனந்தபுரத்தில் சி-டாக் நிறுவனம் வேகா என்ற பெயரில் சொந்தமாகப் பிராசசர்கள் வடிவமைத்து, அந்த வரிசையில் வந்த தேஜஸ்32 சிப்பை வைத்து ஏரீஸ் என்ற போர்டுகளையும் வெளியிட்டிருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. கற்க நினைப்பவருக்குப் பக்கத்திலேயே பிறந்த பொருள். இந்தச் செய்தியை நம்மவரிடம் சொன்னால் கண் மலரும், முதுகு நிமிரும், லேப்டாப் திறக்கும். கோப்பில் ஒரு வரிசை கூடும்.

இப்படி ஒருவர் உங்களுக்குச் சொந்தக்காரராகவோ சிநேகிதராகவோ இருந்தால், எந்த போர்டு வாங்கலாம் என்று அவரிடம் போய்க் கேட்காதீர்கள், இரண்டு பேராகிவிடுவீர்கள். செய்ய நினைப்பதை ஒரே வாக்கியத்தில் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, இதற்கு அனலாக் வேண்டுமா, 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா, கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். அட்சரம் பிசகாமல் பதில் சொல்வார்; அந்த அறிவு அவரிடம் மெய்யாகவே உண்டு. மனசிருந்தால் அவருக்கும் ஓர் ஈஎஸ்பி32 வாங்கிக் கையில் கொடுங்கள். எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.